நானூற்று நாற்பது

6 ஜனவரி 2025, திங்கள்

இன்று மகள் மெஹக்கின் கிட்டார் கம்பி அறுந்து என் மூக்கில் அடித்தது. ஐம்பத்தோரு வயதில் மூக்கில் கோடு. கீழே பட்டறையில் பை தைக்கும் சுயம்பு, “என்ன பாய், பூன பெறாண்டிட்டா?” என்றான். ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது, அவனுக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். மெஹக் காலேஜுக்குப் போனதும் கிட்டாரை எடுத்தேன். தூசி தட்டத்தான். அதன் தலையைக் கவ்விக்கொண்டு தீப்பெட்டி அளவில் ஒரு டியூனர் இருக்கிறது. கம்பியைத் தட்டினால் முள் ஆடும். நடுவில் நின்று பச்சை எரிந்தால் சுருதி சரி. மெல்லிய கம்பியில் முள் பச்சையைத் தாண்டிவிட்டது. தளர்த்த வேண்டியதுதானே? நான் முறுக்கிக்கொண்டே போனேன் — கடிகார முள் மாதிரி சுற்றி வந்து மறுபடி நடுவில் நிற்கும் என்று.

சாயங்காலம் வந்த மெஹக், “பழைய கம்பி வாப்பா, தானா அறுந்திருக்கும்” என்று சொல்லிப் புதுசு மாட்டினாள். “இருக்கும்” என்றேன்.

7 ஜனவரி

மகள் உயிரைக் காப்பாற்றினேன். டியூனரின் மூலையில் பொடி எழுத்தில் 440 என்று இருக்கிறது. பட்டறை மீட்டர் பெட்டியில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருக்கும் அதே 440 வோல்ட். பிள்ளை இதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஒரு பொத்தானை அமுக்கினால் குறைகிறது. வீட்டுக் கரண்டு அளவுக்கு, 230க்குக் கொண்டுவரப் பார்த்தேன். 430க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. அந்தமட்டும் லாபம்.

விரல் நுனி எரிகிறது.

10 ஜனவரி, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் மெஹக் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டாம் தேதி மாதுங்காவில் காலேஜ் விழா. நான்கு பெண்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒத்திகையில் இவள் கிட்டார் மட்டும் மற்றவர்களோடு சேரவில்லையாம். கூட்டாளி நுஸ்ரத் எல்லார் முன்னாலும், “தேரா கிட்டார் பேசுரா ஹை” என்று சொல்லிவிட்டாளாம். சுருதி கெட்ட கிட்டார்.

“டியூனர் பச்சை காட்டுது வாப்பா. தனியா வாசிச்சா நல்லாத்தான் கேக்குது. அப்போ என் காதுலதான் கோளாறு. திங்கக்கிழமையும் சேரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க.”

என் மனைவி ஹாஃபிஸா என்னைப் பார்த்து, “எங்க வாப்பா வீட்டுப் பக்கம் யாருக்கும் காது கோளாறு கிடையாது” என்றாள்.

11 ஜனவரி

கிட்டார் உறைக்குள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். நானே தைத்துக் கொடுத்த உறை, நல்ல ஜிப். திறக்காத ஜிப்பு நல்லதாக இருந்து என்ன?

12 ஜனவரி, ஞாயிறு

நுஸ்ரத் சமாதானம் பேச வீட்டுக்கு வந்தாள், தன் கிட்டாரோடு. அதிலும் அதே டியூனர். மூலையில் 440.

பாவம், அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. “மகளே, அதக் கொறச்சு வச்சுக்கோ, ஷாக் அடிக்கும். மெஹக்கோடத நான் அன்னைக்கே கொறச்சுட்டேன்” என்றேன்.

இரண்டு பேரும் குனிந்து டியூனரைப் பார்த்தார்கள்.

“வாப்பா,” என்றாள் மெஹக் மெதுவாக, “நீங்க என்ன செஞ்சீங்க?”

வோல்ட் இல்லையாம் அது. எல்லா வாத்தியமும் ஒன்றோடு ஒன்று சேர, உலகமே ஒத்துக்கொண்ட அளவாம். நான் குறைத்ததும் டியூனர் அந்தக் குறைந்த அளவுக்கே பச்சை காட்டியிருக்கிறது. ஆறு கம்பியும் ஒற்றுமையாக இறங்கிவிட்டன. அதனால் தனியாகக் கேட்டால் சரி, கூட்டத்தில் சேர்ந்தால் பேசுரா. நுஸ்ரத் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெஹக் சிரிக்கவில்லை. 440 வைத்தாள், ஆறு கம்பியையும் முறுக்கினாள், நுஸ்ரத்தோடு சேர்ந்து ஒரு தட்டு தட்டினாள். அப்புறம்தான் சிரித்தாள். அன்றைக்குச் சாப்பிடாததற்கும் சேர்த்து இன்று சாப்பிட்டாள்.

18 ஜனவரி, சனி

விழா. எனக்குச் சுருதி தெரியாது. ஆனால் மற்ற மூன்று பேரில் ஒருத்தியும் மெஹக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது போதும்.

19 ஜனவரி, ஞாயிறு

டீ கொண்டுவந்த மெஹக் கேட்டாள்: “ஆமா வாப்பா, நான் இல்லாதப்ப எதுக்குக் கிட்டார எடுத்தீங்க?”

“தூசி தட்ட.”

என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். நான்கு விரல் நுனியிலும் கோடு. “இது?”

“பட்டறையில ஊசி பட்டிருக்கும்.”

“ஊசி கோடு கோடாவா படும்?”

டீயைக் குடித்தேன். கிட்டாரை உறையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். “நாளைக்கு எனக்கு மூணு மணி வரைக்கும் கிளாஸ். இது இங்கயே கிடக்கும். அந்தப் பொத்தான மட்டும் தொடாதீங்க.”

“சரி” என்றேன்.

நீ இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தாயேன் — வாய் வரைக்கும் வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.