சுருளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையார்

நேற்றுப் பின்னேரம் உங்கள் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான், எங்கள் மகள், உங்களோடு வேலை செய்த ஜெர்மன்காரர், பித்தளைப் பிள்ளையார். பலகை இருந்த உங்கள் பெட்டியைத் திறந்ததும் ஈயப் பற்றுவைப்பின் வாசம் வந்தது. நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது.

தீப்பெட்டி அளவான அந்த மின்பலகை. செக்கனுக்கு மூன்று கோடி தரம் மின்சாரத்தை வெட்டி வெட்டி மின்னழுத்தத்தை மாற்றும் என்று விளங்கப்படுத்தினீர்கள். அந்த வேகத்தில் சுருளுக்கு நடுவில் இரும்பு தேவையில்லை, ஐந்து சுற்றுச் செப்புக் கம்பி போதும். அதை என் பின்னல் ஊசியில் நான்தான் சுற்றித் தந்தேன். ஒவ்வொரு சோதனையின் சூட்டையும் கொப்பியில் எழுதியதும் நான்தான்.

சுருளுக்குப் பக்கத்தில் நான் பிள்ளையாரை வைத்தபோது, "தள்ளி வையுமப்பா, அவருக்குக் கரண்ட் அடிக்கப்போகுது" என்றீர்கள்.

"அவர் காவலுக்கு இருக்கட்டும். உங்களுக்கென்ன இடைஞ்சல்?"

"சரி, சரி. சம்பளம் கேக்காத ஆள்தானே."

அவருக்குப் பக்கத்திலேயே வைத்து ஐந்து நாள் சரிசெய்தீர்கள். பலகை சுடவேயில்லை. வேலையிடத்தில் எல்லோருக்கும் முன்னால் போட்டதும் எரிந்தது. வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சப்பா" என்றீர்கள். அந்த வேலையை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கில் பிழை விட்டவர் என்ற பெயரோடுதான் கண்ணை மூடினீர்கள்.

எரிந்த பாகத்தை நீங்கள் மாற்றி வைத்திருந்தீர்கள். நேற்று பிள்ளையாரைப் பழைய இடத்தில் வைத்தேன்; ஜெர்மன்காரர் மின்சாரம் கொடுத்தார், பலகை குளிர்ந்தபடி ஓடியது. தேநீர் வைக்க மகள் பிள்ளையாரை நகர்த்தினாள். உடனே பலகை கொதித்தது. திரும்ப வைத்தாள், ஆறியது.

"அம்மா, கிட்ட பித்தளை இருந்தா சுருளின்ர குணம் மாறுமாம். அப்பா பிள்ளையாரையும் சேர்த்துத்தான் சரிசெய்திருக்கிறார்" என்றாள்.

கணக்கில் பிழையில்லை. பிழை நான் வைத்த இடத்தில்.

கொப்பியைப் புரட்டினேன். 'பிள்ளையாரைக் கிட்ட வைத்தேன், பூ வைத்தேன்' என்று நான் எழுதிய வரியைச் சுற்றி உங்கள் பென்சில் வட்டம். பக்கத்தில் ஒரே சொல்: பித்தளை.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குப் பூ வாங்கி வந்தீர்கள்.

சுற்றுகளைச் சற்று விரித்துவிட்டால் பிள்ளையார் இல்லாமலும் ஓடுமாம். சுற்றிய கையே விரிக்கட்டும் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார். பின்னல் ஊசி மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை திரும்ப வருவார்.

இஞ்சேருங்கோ, விரிக்கட்டோ? அவர் வர முந்தி, கெதியாய் ஒரு பதில் சொல்லுங்கோ.