அப்பாவின் குட்டி வண்டிக்குப் புது இன்ஜின்

அன்புள்ள கண்ணு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், இந்தத் தடவை அதைப் பழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உன் இருமல் விட்டதா என்று மட்டும் நீதான் சொல்ல வேண்டும். போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் எப்பவும் போலத்தான்" என்று முடித்துவிடுகிறார். எப்பவும் போலவா? அப்பா வண்டி ஓட்டுகிறார் கண்ணு. நம் குட்டி வண்டியை, தனியாக. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அடுப்பில் எதையும் வைக்காமல் உட்கார்ந்து படி.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய இடது கால் மரத்துப்போனது உனக்குத் தெரியும், நீ கிளம்பிப் போன பிறகு அவர் இருந்த இருப்பு தெரியாது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன், முடி வெட்டிக்கொள்ளப் போவதற்குக்கூட யாராவது வரட்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வாடகைக் காரில் முன்னால் உட்கார்ந்தால் டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவருடைய வலது கால் தரையை மிதிக்கும், டிரைவர்கள் முறைப்பார்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கிளட்ச் இல்லாத வண்டி ஒன்று பார்ப்போமே, ஒரு கால் போதுமே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "வேற வண்டியில ஏறினா நான் பயணி, டிரைவர் இல்ல" என்று ஒரே பிடிவாதம். குட்டி வண்டியோ இன்ஜின் இறுகிப்போய் ஷெட்டில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதில்தான் நீ ஓட்டக் கற்றுக்கொண்டாய், அடுத்த வீட்டு வேலியையும் அதில்தான் சாய்த்தாய்.

அப்போதுதான் உன் சித்தப்பா பட்டறைக்கு ஒரு கார் வந்தது. பின்னால் லாரி இடித்து டிக்கி முழுக்க நசுங்கி முன் சீட்டு வரைக்கும் வந்திருந்தது, முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. சின்ன இன்ஜின், அதோடு ஒட்டினாற்போல் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. நான் சும்மா சாவியைத் திருகிப் பார்த்தேன், தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி சிணுங்காமல் ஓடியது. இதை அப்படியே கழற்றி நம் வண்டியில் வைத்தால் என்ன என்று கேட்டேன். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, எலி வளைக்குள்ள பூனையைத் திணிக்கப் பாக்கறீங்க" என்றார். பூனையை மடக்க முடியாது, வளையைப் பெரிசாக்கலாம், வெட்டுவதும் ஒட்டுவதும் என் பொறுப்பு, மற்றது உங்கள் பொறுப்பு என்றேன். தண்ணீர்த் தொட்டி ஆலையில் அத்தனை வருஷம் வெல்டிங் செய்தவள் ஒரு குட்டிக் காரின் தகரத்துக்குப் பயப்படுவேனா? அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அளக்கும் டேப்பை எடுத்தார், அதிலிருந்தே மனசு சாய்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அளந்து பார்த்ததில் இன்ஜின் இரண்டு பக்கமும் இடித்தது. இன்ஜின் உட்காரும் குழியின் உள்சுவர்களை வெட்டி வெளியே தள்ளிக் கட்டினால் ஒழிய உட்காராது.

அப்பாவிடம் சொன்னதும் மூக்கு சிவந்துவிட்டது. "அதை வெட்டறதுக்கு முன்னால என்னை வெட்டு" என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது கண்ணு. "ஓடாத வண்டிக்கு காவல் உக்காந்திருக்கீங்க. உங்க முதுகை வெட்டணும்னு டாக்டர் சொன்னப்போ நான்தானே கையெழுத்துப் போட்டேன், பொழைக்கட்டும்னுதானே போட்டேன்? இதையும் அப்படி நெனச்சுக்கங்க" என்று கொட்டிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சில நாள் உப்பு வேண்டுமென்றாலும் கையை நீட்டித்தான் காட்டினார். நானும் ஷெட் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு காலையில் கண் விழித்தால் படுக்கையில் ஆளைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஷெட்டில் போர்வையை உருவிப் போட்டுவிட்டு, கைத்தடியை டயர்மேல் சாய்த்துவிட்டு, வண்டியின் உள்சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "இந்தக் கோட்டைத் தாண்டி வெட்டாத. சக்கரத்தோட பாரம் இங்கதான் இறங்குது" என்றார். நான் மனசில் போட்டு வைத்திருந்த கோட்டைவிட அது சரியான கோடு. உடனே வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன், பேசினால் மறுபடி மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை, இன்ஜின் பக்கத்து முனை அந்த இடிபட்ட காருடையது, சக்கரப் பக்கத்து முனை நம்முடையது, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி லேத்துக்காரர் புதிதாகக் கடைந்து கொடுத்தார். இவ்வளவு வேகமான இன்ஜினுக்கு இந்தப் பழைய பிரேக் போதாது, அதை மாற்றாமல் ஒரு போல்ட்டைக்கூட முறுக்க மாட்டேன் என்று சித்தப்பா நின்றார், அதையும் மாற்றினோம். எல்லாம் உட்கார்ந்த பிறகு பானெட் மூடவில்லை, ஒரு விரல் இடைவெளி. மேலே ஒரு ஓட்டை போட்டு மூடிவிடலாம் என்று சித்தப்பா சொன்னதுதான் தாமதம், அப்பா கைத்தடியைத் தூக்கிவிட்டார், "உடம்புல எங்க வேணா கத்தி வை, மூஞ்சியில வைக்காத" என்று. சரி என்று இன்ஜினைத் தாங்குகிற இரும்புப் பட்டைகளை அறுத்து, தாழ்த்தி, மறுபடி வெல்டிங் செய்தேன். பானெட் 'டப்' என்று பழைய சத்தத்தோடு மூடியது, வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே உருண்டை முகம்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது, சித்தப்பா விசிலடித்தார். அப்பாதான் ஓட்டும் சீட்டில். ஆனால் கியர் நகரவில்லை. பார்க்கிங்கில் போட்ட கியர் நெம்புகோல் அப்படியே நிற்கிறது, இழுத்தால் அசையவில்லை. சித்தப்பா வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தார், கியர் பெட்டியே போய்விட்டது என்றார். அப்பா இறங்கவே இல்லை. பிரேக்கை மெதுவாக மிதித்தார், விட்டார், பலமாக மிதித்தார், "பின்னால லைட் எரியுதா பாரு" என்றார். மெதுவாக மிதித்தால் எரியவில்லை, ஏறி மிதித்தால்தான் எரிந்தது. "அதான் விஷயம். பிரேக்கை மிதிச்சிருக்கேன்னு தெரிஞ்சாத்தான் இந்த கியர் நகரும். நம்ம வண்டியோட பழைய சுவிட்சு ஏறி மிதிச்சாத்தான் அதுக்குச் சொல்லுது" என்றார். கற்றுக்கொள்ள வந்தவர்களின் கால் என்ன செய்கிறது என்பதை வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டிலிருந்தே கண்டுபிடித்தவர் அல்லவா. பெடல் ஓரத்தில் வேறு சுவிட்சு வைத்ததும் நெம்புகோல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. கிளட்ச் இருந்த இடத்தில் நான் ஒரு சின்னக் கால்பலகை வைத்திருந்தேன். இடது காலைக் கையால் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை மாற்றியதால் வண்டிக்கு ஒரு சோதனை, கால் இப்படி ஆனதால் அவருக்கு ஒரு சோதனை, இரண்டும் ஒரே நாளில். லைசென்ஸ் கொடுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் படித்தவர்கள், எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவரோ தன்னிடம் படிக்காத அதிகாரி யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்றுவிட்டார், நாளைக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம். வந்தது சிடுமூஞ்சி அம்மா ஒருத்தி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனவள் வெளியே வர நெடுநேரம் ஆனது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, வெல்டிங் யார் செய்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன், ஏதோ குறை என்று நினைத்து. "எங்க ஆளுங்களுக்கு கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றாள்! இதை நீ உன் மாமியாரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிறகு அப்பாவோடு ஏறி உட்கார்ந்தாள். மேட்டுத் தெருவில், நம் வண்டி மூச்சு வாங்கி வாங்கி ஏறுமே, அந்த ஏற்றத்தில், வண்டியை நடுவில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னாளாம். எடுத்தார். திரும்பி வந்ததும் அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, இரண்டு சோதனையிலும் தேறியதாகக் கையெழுத்துப் போட்டாள். சீட் பெல்ட்டை முறுக்கிப் போட்டிருக்கிறீர்கள் என்று இவர் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார், என்ன செய்ய, பிறவிக் குணம்.

மறுநாள் சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன், கேட்காத மாதிரி போய்விட்டார். எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். போன் செய்யலாமென்றால் ஓட்டும்போது எடுக்கமாட்டார், எடுத்தாலும் திட்டுவார். இருட்டுவதற்குள் வந்து வாசலில் ஒரே திருப்பில் ஓரமாக நிறுத்தினார், இறங்கினார். கையில் பை இல்லை, எதுவும் வாங்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல" என்றார், "சும்மா போயிட்டு வந்தேன்." அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு.

விடுமுறைக்கு வரும்போது உன்னை அழைத்துப்போக அவரே வருவதாகச் சொல்கிறார், பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்காது, பெரிய பெட்டிகளாகக் கொண்டுவராதே. வெந்நீர் குடி, இருமலை அலட்சியம் செய்யாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், இரண்டு பேரும் மனம் ஒத்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வரும் தேதி தெரிந்ததும் முதலில் எனக்குச் சொல், அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

என்றும் உன்,
அம்மா
(வெல்டிங் அம்மா என்று இப்போது சித்தப்பா கூப்பிடுகிறார்)