வொஞ்சி ஏரிக்கு ஒரு நாள் முன்னதாக

திகிமித் 3, 2005, சனி

என் மனைவியிடம் சமரசம் பேச மூன்றாம் முறையாகச் சென்ற பெரியவர்கள் இன்று மாலை திரும்பி வந்தனர். முதல் முறை செனாயித் அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், பேச மறுத்துவிட்டாள். இரண்டாம் முறை பேசினாள், காப்பி கொடுக்கவில்லை. இம்முறை இரண்டும் நடந்தன என்பதால் அண்டை வீட்டு வொர்க்கு ஐயாவின் முகத்தில் சிறிது வெளிச்சம் இருந்தது.

"இனிமே எங்களை அலைய விடாதேன்னு சொல்லிட்டா, தம்பி. நீயும் அவளும் ஒரு நாள் வொஞ்சி ஏரிக்குப் போயிட்டு வரணுமாம். திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கும்போது சொல்வாளாம், வீடா கோர்ட்டான்னு."

"வாடகைக் கார் வைத்துக்கொள்கிறேன்," என்றேன்.

"அதுவும் கூடாதாம். வழிகாட்டியோட போற வேன்லதான் வருவாளாம். நீ வழி காட்டினா மைல்கல்லுக்கு மைல்கல் நிறுத்திச் சரிபார்ப்பியாம்."

மற்ற இரு பெரியவர்களும் சிரித்தனர். அவர்கள் அவளுடைய வார்த்தைகளைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவள் கசஞ்சிஸில் தன் அக்காள் வீட்டுக்குப் போய் ஏழு மாதமாகிறது. காரணத்தை இங்கே ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். எங்கள் ஆண்டுக் கணக்கு ஐரோப்பியக் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் வருவது, மாதங்களும் வேறு. எங்கள் தேதிகளை ஐரோப்பியத் தேதிகளாக மாற்றிச் சான்றளிக்கும் உரிமம் பெற்றவன் நான். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தம்பி ஷிமெலிஸை வெளிநாட்டிலிருந்த சித்தப்பா அழைத்தார். மனு தூதரகத்தில் சேரும் நாளில் அவனுக்கு இருபத்தொரு வயது நிறைந்திருக்கக் கூடாது. என் சான்றின்படி அன்றுதான் நிறைந்தது. ஒரு நாள் தள்ளி எழுதும்படி அவள் அழுதாள். நான் எழுதவில்லை. மனு தள்ளுபடியானது. அவன் இன்று மினிபஸ் ஓட்டுகிறான். ஏழு மாதத்துக்கு முன் அவன் மகளைப் பள்ளியில் சேர்க்க ஐந்து நாள் வயது குறைந்தது. மீண்டும் என்னிடம் வந்தனர். மீண்டும் நான் எழுதவில்லை. அன்று மாலை செனாயித் பெட்டியை எடுத்தாள்.

"உனக்கு நாங்கள்லாம் தேதிங்கதான், பெயெனெ," என்றாள் வாசலில்.

திகிமித் 6, செவ்வாய்

பியாசாவில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் இரண்டு இடம் பதிவு செய்தேன். வெளிநாட்டாருக்கான பயணம், ஆகவே சீட்டில் ஐரோப்பியத் தேதி மட்டுமே இருந்தது: 20/10/2012. கிழமை குறிக்கப்படவில்லை. இது ஒரு குறை என்று மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். "தேதி இருந்தா போதாதா சார்?" என்றாள். நின்றபடியே மனத்தில் மாற்றிக்கொண்டு செனாயித்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: திகிமித் 9, விடியற்காலை, பியாசா, பழைய திரையரங்கின் முன்.

"சரி" என்று பதில் வந்தது. ஏழு மாதத்தில் அவளிடமிருந்து நேரடியாக வந்த முதல் சொல்.

திகிமித் 8, வியாழன்

எந்தக் கோட்டு அணிவது? சாம்பல் நிறமா? அவளுக்குச் சாம்பல் நிறம் பிடிக்காது. அப்படியானால் எதற்கு அந்த ஐயம்?

திகிமித் 9, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே போய் நின்றேன். அவள் வெள்ளைச் சால்வையில் வந்தாள். இளைத்திருந்தாள். கை கொடுத்தாள், கன்னம் கொடுக்கவில்லை. வேனைக் காணோம். செருப்புத் துடைப்பவர்கள் வந்தனர், பத்திரிகைக்காரர் வந்தார், வெயிலும் வந்தது. வேன் மட்டும் வரவில்லை. நான் கொதித்துப்போய் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். சீட்டின்படி நடக்காத நிறுவனத்துக்கு உரிமம் எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இன்னைக்குத் தேதி பத்தொன்பதுதானே? உங்களுக்கு நாளைக்கு," என்றாள்.

கைபேசி ஒலி பெரிது, செனாயித் கேட்டுவிட்டாள்.

எங்கள் ஆண்டின் பதின்மூன்றாம் மாதமான பகுமேயில் ஐந்தே நாள். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆறாம் நாள் ஒன்று சேரும். அப்படிச் சேர்ந்தால், அடுத்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் எங்கள் தேதி ஒவ்வொன்றும் ஐரோப்பியக் கணக்கில் வழக்கத்தைவிட ஒரு நாள் தள்ளி விழும். சென்ற ஆண்டு அத்தகைய ஆண்டு. இந்த ஆண்டு அப்படியல்ல. நான் சென்ற ஆண்டின் கணக்கையே போட்டிருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

"நீயா?" என்றாள். "நீயா தேதியைத் தப்பாப் போட்ட?"

பிறகு சிரித்தாள். சால்வையால் வாயை மூடிக்கொண்டு, பிறகு மூடாமல், சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பத்திரிகைக்காரர், "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லைங்க. இருபத்திரண்டு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்," என்றாள்.

அக்காள் வீட்டுக்கே திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். "பசிக்குது," என்றாள். வெள்ளிக்கிழமை நோன்பு, இறைச்சியும் பாலும் கூடாது, எண்ணெயில் தாளித்த மொச்சையும் பாலில்லாக் காப்பியும் சாப்பிட்டோம். பிறகு எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லாததால் பியாசாவின் சரிவில் நடந்தோம். எத்தனை ஆண்டாயிற்று, போக இடமில்லாமல் நான் நடந்து?

1981-இல் கல்லூரிக் குழுவோடு வொஞ்சிக்குப் போனதை அவள் பேசத் தொடங்கினாள். வாற்கோதுமை ஏற்றும் லாரியில் போனோம். கடைசி ஆறு மணி நேரம் நடை. ஏரியில் அப்போது மரத்தைக் குடைந்த தோணி மட்டும்தான். ஒன்பது பேர் ஏறினோம். தோணிக்காரர் ஆறு பேர் என்று முன்பே சொல்லியிருந்ததை நான் நினைவூட்டினேன். யாரும் கேட்கவில்லை. எனவே நான் மட்டும் இறங்கிக் கரையில் நின்றேன்.

"எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாதி ஏரியில தண்ணி உள்ள வர ஆரம்பிச்சதும்தான் நினைச்சேன், கட்டினா இவனைத்தான் கட்டணும், இவன் என்னை முழுக விடமாட்டான்னு."

"இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை."

"சொன்னா தேதி கேப்பே."

நாளை விடியலில் அதே இடம். இம்முறை இருவரும் சீட்டைப் பார்த்தோம்.

திகிமித் 10, சனி

வேனில் எட்டுப் பேர். இரண்டு டச்சுப் பெண்கள், ஜெர்மானியக் குடும்பம் ஒன்று, நாங்கள், வழிகாட்டி லென்சா. லென்சாவுக்கு நாற்பது வயதிருக்கும், வொலிசோவைச் சேர்ந்தவள், ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். ஏரி இருக்கும் எரிமலைக் குழியின் விளிம்பில் இறங்கியதும் எல்லாரையும் நிறுத்தினாள்.

"குதிரை வரிசைப்படிதான் கிடைக்கும். பதிவேட்டுல யார் பேர் அடுத்து இருக்கோ அவர் குதிரை. வெள்ளைக் குதிரை அழகா இருக்குன்னு யாரும் அடம் பிடிக்கக் கூடாது." எங்களைப் பார்த்து எங்கள் மொழியில் தாழ்வாகச் சொன்னாள்: "கட்டினவரை மட்டும்தான் நாம தேர்ந்தெடுக்கலாம். அதுலயும் என்ன வாழ்ந்துச்சு?"

"அப்படிச் சொல்லும்மா," என்றாள் செனாயித்.

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. ஊரார் தாங்களே வைத்திருக்கும் முறை. பாராட்டினேன். என் முறைக்கு வந்தது ஒரு பழுப்புக் கிழம். உரிமையாளர் தொலோசா கடிவாளத்தைக் கொடுத்தபடி, "இவன் பேரு அமைச்சர். உக்காந்துட்டா எழுந்திருக்க மாட்டான், நின்னுட்டா நடக்க மாட்டான்," என்றார்.

விளிம்பிலிருந்து கீழே பார்த்தேன். நீர் அதே கருநீலம். சரிவுகளில் வாற்கோதுமை. புத்தாண்டையொட்டி மலரும் மஞ்சள் பூக்களில் கடைசிச் சில இன்னும் வாடாமல் இருந்தன. அன்று நாங்கள் நின்ற மேடு எதுவென்று நான் ஓரிடத்தைக் காட்டினேன். அவள் வேறோரிடத்தைக் காட்டினாள். நான் சொன்னதே சரி என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

தீவுக்குப் படகில் போனோம். இப்போது பலகைப் படகு. ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. டச்சுப் பெண்கள் முன்னால், நாங்கள் பின்னால். அவள் கையை நீரில் விட்டிருந்தாள். குளிர்ந்த கையை எடுத்து என் கோட்டின் கையில் துடைத்து, அங்கேயே வைத்துக்கொண்டாள். ஏழு மாதத்தில் முதல் முறை. அவள் முகத்தைப் பார்த்தபோது, எந்தப் பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எழுதுவது மிகை, நம்பினேன்.

"நேத்து எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு," என்றாள். "உண்மையைச் சொல்லு. உன் வாழ்க்கையில தேதியில பண்ணின முதல் தப்பு அதுதானே?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். 'ஆம்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் சரிபார்ப்பது என் பழக்கம். பழைய கோப்புகள் மனத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆறு நாள் பகுமேக்கு அடுத்த ஆண்டில் பிறந்தவர்கள் யார்? 1964. 1968. — 1968. ஷிமெலிஸ். ஹிதார் 2, 1968.

வழக்கமான ஆண்டில் ஹிதார் 2 நவம்பர் 11. 1968-இல் அது நவம்பர் 12. நான் எழுதியது 11. இருபத்தோராண்டு கழித்து மனு சேர்ந்ததும் நவம்பர் 11. எங்கள் நாட்காட்டியில் அன்று அவனுக்கு இருபத்தொன்று நிறைந்தது. அதனால் வீட்டில் ஒருவருக்கும் ஐயம் வரவில்லை. தூதரகத்தின் நாட்காட்டியில் அவனுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அவள் அழுது கேட்ட அதே ஒரு நாள். பொய்யாக நான் தர மறுத்தது, உண்மையிலேயே அவனுக்கு உரியதாக இருந்திருக்கிறது.

மூன்று முறை விரல்களில் எண்ணினேன். "என்ன எண்ணுறே?" என்றாள்.

கரையேறும் வரை பேசாமல் இருந்திருக்கலாம். வீடு போய்ச் சேரும் வரை. சாகும் வரைகூட. யாருக்குத் தெரியும்? ஏன் சொன்னேன்? சொல்லிவிட்டேன். நாலு வாக்கியத்தில், தேதிகளோடு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்ப நான் அழுதப்போ நீ சட்டம் பேசினியே, பெயெனெ. தப்பான கணக்கை வெச்சுக்கிட்டா பேசினே?"

"ஆமாம்."

"நல்லா இரு."

தீவில் வாற்கோதுமை ரொட்டியும் தேனும் கொடுத்தனர். அவள் டச்சுப் பெண்களோடு உட்கார்ந்தாள். திரும்பும் வழியில் லென்சா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் பெரிய குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பியாசாவில் வண்டியை விட்டு இறங்கியதும் நான் நின்றேன். அவள் சொல்வதாகச் சொன்ன இடம் அது.

"எங்கிட்ட இப்ப பதில் இல்ல," என்றாள். "கடன் எங்கிட்ட இல்ல. முதல்ல அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

திகிமித் 11, ஞாயிறு

பழைய நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. நவம்பர் 11. முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.

திகிமித் 19

போகவில்லை.

திகிமித் 24

இன்றும் போகவில்லை. திருத்தச் சான்று ஒன்று தட்டச்சு செய்தேன். உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் பிழையைத் தெரிவித்துக் கடிதம் எழுதினேன். இவையெல்லாம் போகாமல் இருப்பதற்கான வேலைகள். அது எனக்குத் தெரிகிறது.

ஹிதார் 2, ஞாயிறு

இன்று போனேன். எங்கள் நகரின் மெக்சிகோ சதுக்கத்தில் ஷிமெலிஸ் தன் நீல வெள்ளை மினிபஸ்ஸின் ஓரத்தில் நின்று டயரை உதைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தேழு நிறைகிறது அவனுக்கு, எங்கள் நாட்காட்டியில்.

"மாமா! நீங்க மினிபஸ்ல ஏறுவீங்களா? சீட்டுக்கு நாலு பேரு உக்காருவாங்க, பரவாயில்லையா?"

திருத்தச் சான்றைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். நான் விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கத்தான் தொடங்கினான். பிறகு வண்டியின் மறுபக்கம் போனான். வெகுநேரம் வரவில்லை. சக்கரங்களுக்கு அடியில் அவன் காலணிகள் மட்டும் தெரிந்தன.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"இதை வெச்சு நான் இப்ப எங்க போறது? அந்தச் சித்தப்பாவே செத்துட்டாரு."

"எங்கும் போக முடியாது. ஆனால் உண்மை உன்னிடம் இருக்க வேண்டும்."

"உங்க உண்மை!" கதவை ஓங்கிச் சாத்தினான், அது மூடாமல் திரும்பத் திறந்தது. "பதினாறு வருஷம் எங்கக்கா உங்களோட ஒரே தட்டுல சாப்பிட்டா. நானும் பண்டிகைக்குப் பண்டிகை வந்து உங்க காலைத் தொட்டேன். நீங்க செஞ்சது சரிதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் மாமா. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு உரிய வாசகத்தை வீட்டிலேயே தயார் செய்திருந்தேன். அது நினைவுக்கு வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்டா" என்றுதான் வந்தது.

சான்றை மடித்தபடி, "இன்னைக்கு எங்கிட்ட ஆள் கூவி ஏத்துறவன் வரல," என்றான். "ஏறுங்க."

"எதற்கு?"

"மெக்சிகோ, சார்பெத், மெக்கனிசா. கதவுல தொங்கிக்கிட்டுக் கூவணும். கோட்டைக் கழட்டிடுங்க, எவனும் ஏறமாட்டான்."

ஐம்பது வயதில், பட்டம் பெற்றவன், கதவைப் பிடித்துக்கொண்டு "சார்பெத், மெக்கனிசா" என்று கூவினேன். முதல் இரண்டு நடைகளிலும் என் குரல் வெளியே வரவில்லை. "என்னய்யா, பிரசங்கம் மாதிரி சொல்றே?" என்றாள் கூடையோடு ஏறிய ஒருத்தி. ஷிமெலிஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சீட்டுக்கு மூவர் என்ற விதியை ஐந்தாம் நடையில் கைவிட்டேன். மாலையில் குரல் போய்விட்டது.

இறக்கிவிடும்போது சொன்னான்: "அக்காகிட்ட நான் சிபாரிசு பண்ணமாட்டேன். அது உங்க பாடு. ஆனா இன்னைக்கு நீங்க கூவினதை மட்டும் சொல்லுவேன். சொல்லாம எப்படி இருப்பேன்?"

அந்தச் சான்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். கிழிக்கவில்லை.

ஹிதார் 3

பேச முடியவில்லை. வெந்நீர், தேன்.

ஹிதார் 12, புதன்

மிக்காயேல் திருநாள். ஊர் முழுவதும் குப்பையை எரிக்கும் நாள். காலையிலிருந்தே எங்கள் லிதெதாப் பகுதி புகையில் மூழ்கியிருக்கிறது. கண்கள் எரிகின்றன. எங்கள் வாசலில், பெட்டியோடு திரும்பிவிட்ட செனாயித் விடிவதற்கு முன்பே எரித்து முடித்துவிட்டாள். 1998 முதல் ஆண்டுவாரியாக நான் கட்டி வைத்திருந்த மின்கட்டண ரசீதுகளும் அதில் போய்விட்டன. அவை பத்து ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டியவை. சாம்பலைக் கிளறிக்கொண்டு, "அதுல முக்கியமானது ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.