காகம் எல்லை தாண்டாது என்று சொன்ன அப்பாவுக்கு

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும் என் அருமை அப்பா,

அன்பாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம்தான் வருகிறது. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமான மனிதர்மேல் கோபப்படுவது எனக்கே அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன செய்ய? நீங்கள் என்றைக்கோ சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு சொன்ன ஒரு பேச்சோடு இந்த மாதம் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"காக்கா தன் எல்லையைத் தாண்டாது. அடுத்த தெருவுக்குப் போனா அங்க இருக்கற காக்காயெல்லாம் சேர்ந்து கொத்தித் துரத்திடும்." இதுதான் அந்தப் பேச்சு. எங்கே படித்தீர்கள் அப்பா? யாரைக் கேட்டீர்கள்? ஒரு காகத்தின் பின்னாலேயே ஒரு நாளாவது போய்ப் பார்த்ததுண்டா?

விஷயத்தைச் சொல்கிறேன். எனக்கு ஆபீஸ் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது, செம்பூரில். தரைத்தளம். வாசலில் ஒரே படி. சமையலறைக்குள்ளேயே குழாய், திறந்தால் தண்ணீர் வருகிறது. டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொண்டைக்கு இதுவாவது கிடைத்ததே என்று சாவியை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். மாதக் கடைசிக்குள் குடிபோகாவிட்டால் வரிசையில் இருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. மாட்டுங்காவில் நம் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவது நின்றே போய்விட்டது. விடியற்காலையில் கீழே போய்ப் பிடித்துத் தூக்கி வர வேண்டும். எனக்கு ராத்திரி டியூட்டி இருக்கும் நாட்களில் அம்மாதான் தூக்குகிறாள். இனி மாடிப்படியே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா சமர்த்தாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் சொன்னாள்.

"நான் வரலைடீ. நீ வேணா போ. அவர் இங்கதானே வருவார்? செம்பூர்ல எந்தக் காக்காவுக்கு நம்மளைத் தெரியும்?"

அவர் என்றால் நீங்கள்தான். காலையில் ஜன்னலுக்கு வரும் அந்தக் கால்விரல் மடங்கிய காகம் நீங்கள்தான் என்பதில் அம்மாவுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. அதற்குச் சாதம் வைத்து, அது தின்று முடித்த பிறகுதான் அவள் வாயில் தண்ணீர் படும்.

"அம்மா, அப்பா இருக்கறச்சேயே இந்தக் காக்கா வந்துண்டுதானே இருந்தது?"

"அது வேற."

"வேறன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது நெய் விடாத சாதத்தையும் தின்னும். இது தொடாது."

ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்று அரிசி வாங்குகிறவள் நான். அதில் இந்தக் காகத்துக்கு நெய் வேறு கேட்கிறது. இதற்கு மேல் எப்படி வாதம் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

எதிர்த்துப் பேசினால் உங்களையே எடுத்து என்மேல் வீசுகிறாள். "உங்கப்பாதானே சொன்னார், காக்கா எல்லையைத் தாண்டாதுன்னு? பட்சி விஷயத்துல அவருக்குத் தெரியாததா?" அவளுக்கு மட்டுமா அந்த நம்பிக்கை? கட்டடம் முழுக்க அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சாந்தாபென் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கிளி மிட்டு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறதாம். ஏன் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "அரே, தேரே பாபா கோ தோ சப் மாலூம் தா!" என்று என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். ஆமாம், உங்களுக்கு எல்லாம் தெரியும். அதே கிளிக்கு நீங்கள் ஜலதோஷம் என்று சொல்லி மிளகுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னதையும் அவள் மறக்கவில்லை. தனியாகக் கூண்டில் கிடந்து அலுத்துப்போய் அது அப்படிச் செய்கிறதோ என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

குருவிக் குஞ்சை மனிதக் கை தொட்டால் தாய்க்குருவி சேர்க்காது என்றீர்களே, அதுவும் தப்பு. மின்விசிறிக் கிண்ணத்துக் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை நான் கையால் எடுத்துத் திரும்ப வைத்தேன். தாய் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஊட்டிவிட்டுப் போனது. கண்ணாடியைக் குருவி கொத்துவதற்கு, அதில் தெரிவதை அது எதிரி என்று நினைக்கிறது, துணியைப் போட்டு மூடு என்றீர்கள். அது சரி. காகத்துக்கு ஆள் முகம் தெரியும் என்றீர்கள். அதுவும் சரிதான் போலிருக்கிறது. அம்மா வைத்தால் கம்பிமேலேயே வந்து உட்காரும் காகம், நான் வைத்தால் எதிர்த் தூங்குமூஞ்சி மரத்தை விட்டு அசைவதில்லை. நீங்கள் காகமாக வருகிறீர்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அது வராதபோது வலிக்கிறது அப்பா.

போன வாரம் நல்ல சந்தர்ப்பம் ஒன்று கிடைத்தது. கோலிவாடா மீனவர் குடியிருப்புப் பக்கம் எங்கேயோ தூக்கிக்கொண்டு வந்த பெரிய கருவாட்டுத் துண்டு ஒன்றை உங்கள் காகம் அம்மா வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டது. நன்றாக ஊறவைத்து, புரட்டிப் புரட்டித் தின்றது. வீடெல்லாம் நாற்றம். தொலைந்தது சனி, இனி அம்மா வாயைத் திறக்க முடியாது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷமாகக் காத்திருந்தேன். அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

"இத்தனை நாள் நாக்கைக் கட்டிண்டு என்னத்தைக் கண்டார், பாவம். இப்பவாவது ஆசைப்பட்டதைத் தின்னட்டும்" என்றாள்.

சரி, செம்பூரிலும் காகம் வரும் என்று காட்டிவிடலாம் என்று ஒரு காலையில் அவளைக் கூட்டிப்போனேன். பின்பக்கச் சுவரில் நெய் விட்ட சாதம் வைத்தோம். வேலி ஓரத்து மரத்தில் கூட்டமாக இருந்தன. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. புது ஆள், புதுச் சுவர், பயம். நாலு நாள் வைத்தால் தானாக வரும் என்றேன். "பாத்தியோன்னோ" என்றாள். அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் ரயிலில் அவள் முகத்தில் ஒரு வெற்றி. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அதற்கு மறுநாள் டியூட்டி முடிந்து வருகிறேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பாதி சிந்திய வாளி. பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் சைகையில் கேட்டது என்ன தெரியுமா? மேலே கையைக் காட்டி, காக்காய்க்குச் சாதம் வைக்க நேரமாகிவிட்டது என்று. நான் அன்றைக்கு உங்களை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். நாளைக்கு அம்மா கையில் இந்தக் கடிதம் கிடைத்தாலும் கிடைக்கும். ஒரு மனிதர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இன்னொரு மனுஷி இப்படிப் படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்க வேண்டுமா?

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முன் வீட்டைக் கூட்டி வைப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். வேலை முடிந்து சாயங்காலம் பின்பக்கம் வந்து நின்றேன். தலைக்கு மேல் காகங்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டும் மூன்றுமாக, பிறகு பத்தும் இருபதுமாக, ஓயவே இல்லை. எல்லாம் மேற்கேயிருந்து வந்தன. நம் மாட்டுங்கா இருக்கிற திசை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். தினமும் இப்படித்தானாம். செம்பூர் ரயில் கடைசியாகப் போய் நிற்கும் மான்குர்த்துக்கு அந்தப்புறம் கழிமுகத்துச் சதுப்பு மரங்களில் எல்லாம் சேர்ந்து தூங்குமாம், விடிந்ததும் அதது ஊருக்குத் திரும்பிவிடுமாம். எல்லை தாண்டாது என்றீர்களே அப்பா! ஊரையே தாண்டுகிறது.

அடுத்த நாளே, அரை நாள் லீவு போட்டு அம்மாவை அழைத்துப் போனேன். சுவர் ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. மேலே பார் என்று மட்டும் சொன்னேன். அம்மா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கேர்ந்துடீ வரது இதெல்லாம்?"

"நம்ம பக்கத்துலேர்ந்துதான். ராத்திரி தூங்க மான்குர்த் பக்கம் போறதாம். தினமும்."

"தினமுமா?"

"தினமும்."

அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. நான் பயந்துவிட்டேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நன்னா இருக்கே கதை! இங்கேயேதான் இருப்பார், தனியா விட்டுட்டுப் போகப்படாதுன்னு நான் மூச்சிரைக்க மூணு மாடி ஏறிண்டிருக்கேன். இவர் என்னடான்னா சாயங்காலம் ஆனா ஊர் சுத்தக் கிளம்பிடறார்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

நீங்கள் எங்கே, எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கத்தியும் நடக்காதது உங்கள்மேல் அவளுக்கு வந்த கோபத்தால் நடந்துவிட்டது. திரும்பும்போதே எந்தப் பாத்திரத்தை எந்தச் சாக்கில் கட்டுவது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். என் உழைப்புக்குக் கிடைத்த வீடு, என் லீவு, என் தொண்டைத் தண்ணீர். பெயர் வழக்கம்போல உங்களுக்கு.

இன்று காலை மாட்டுங்காவில் கடைசியாகச் சாதம் வைத்தாள். நெய் தாராளமாக. நான் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். காகம் தின்னத் தின்ன, அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"செம்பூருக்குப் போறோம். கேட்டேளா? குர்லாவுல வண்டி மாறணும். எப்பவும்போல ஜன்னலோரம் உக்காந்து தூங்கிடாதேங்கோ, மான்குர்த்துக்குக் கொண்டுபோய் விட்டுடும். ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷம். மூணாம் நம்பர் கட்டடம், கீழ் வீடு."

அப்பா, உங்கள் பெண் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் கையிலிருந்த கயிறு நழுவிவிட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். காகம் பறந்துவிடுமோ என்கிற பதற்றத்தில், எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னேன்.

"மூணு இல்லைப்பா, அஞ்சு! அஞ்சாம் நம்பர்!"

அம்மாவை இனி ஒரு மாடிகூட ஏற விடமாட்டேன், இது சத்தியம். காலை டியூட்டி இல்லாத நாட்களில் சுவரில் சாதம் வைப்பதும் நான்தான்.

உங்களோடு இன்னும் கோபம் தீராத,
உங்கள் மூத்த பெண்
ராஜி