நாரைக்குன்றுக்கு ஒரு துணைவர்

செப்டம்பர் 24, செவ்வாய்

குடியிருப்போர் கமிட்டித் தலைவி கோங் சியூமெய் வந்தாள். வயது நாற்பது இருக்கும். கிழவர்கள் எங்களிடம் மட்டும் கத்திப் பேசுவாள். எனக்கு எழுபத்தொன்பது ஆகிறதே தவிர காது நன்றாகக் கேட்கிறது. அதைச் சொன்னேன். "அப்படியா தாத்தா, ரொம்ப சந்தோஷம்!" என்று இன்னும் உரக்கக் கத்தினாள்.

சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாத ஒன்பதாம் நாள் பண்டிகை இந்த வருடம் அக்டோபர் 11இல் வருகிறது. அதைக் கலாசார மண்டபத்தில் கொண்டாடுவார்களாம். நான்கு முதியவர்கள் "நீண்ட ஆயுள் நட்சத்திரங்கள்". நான் ஒரு நட்சத்திரம். மேடையில், விழாவுக்குப் பணம் தரும் வங்கியின் ஊழியர்கள் எங்கள் காலைக் கழுவுவார்கள்.

"என் காலை நானே கழுவிக்கிறேனே," என்றேன்.

"அதெப்படி தாத்தா? மரியாதை செய்யணும்ல!"

அன்று நாரைக்குன்று ஏறப் போகிறேன், வர முடியாது என்றேன். சிரித்தாள். மூன்று வயதுக் குழந்தை விமானம் ஓட்டப் போவதாகச் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

செப்டம்பர் 27, வெள்ளி

அடிவாரம் வரை போய்ப் பார்த்தேன். புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் துணைவர் இல்லாமல் ஏறக்கூடாது. துணைவர் உடன் வரவேண்டும், படிவத்தில் கையெழுத்தும் போடவேண்டும். அதற்குக் கீழே, நாய்களையும் துணையின்றி விடக்கூடாது. நாய்களுக்குப் படிவம் இல்லை.

பக்கத்திலேயே குன்றின் உயரம்: 300 மீட்டர். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். 1974இல் இந்தக் குன்றை அளந்ததே நான்தான். 287 மீட்டர். ஐம்பது வருடத்தில் பதிமூன்று மீட்டர் வளர்ந்திருக்கிறது. வயதானால் எல்லாம் தேயும் என்கிறார்களே, குன்றுக்கு மட்டும் விதிவிலக்கு போலும்.

அளந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் நாள் பண்டிகையன்று ஏறியிருக்கிறேன். ஏறாதது ஒரே தடவை, மனைவி இறந்த வருடம். அன்று யாரும் தடுக்கவில்லை.

செப்டம்பர் 30

இன்றும் கோபம்.

அக்டோபர் 3, வியாழன்

தேசிய விடுமுறைக்கு மகள் ருய்லான் நிங்போ நகரிலிருந்து வந்திருக்கிறாள். படிவத்தை நீட்டினேன்.

"ஏழாம் தேதி கிளம்பிருவேன்ப்பா. பதினோராம் தேதி எனக்கு ஆபீஸ்."

"கையெழுத்து மட்டும் போடு."

"கூட வராம கையெழுத்துப் போட்டா அது பொய். பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே அடிச்சு வளத்தீங்க?"

அடித்தது ஒரே ஒரு முறை. அதை நாற்பத்தைந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"விழுந்து இடுப்பெலும்பு போச்சுன்னா என்ன பண்றது? அப்புறம் நேரா நிங்போ முதியோர் இல்லம்தான். நான் பாத்து வெச்சிருக்கேன். லிஃப்ட் எல்லாம் இருக்கு."

பார்த்து வைத்திருக்கிறாளாம்! யாரைக் கேட்டுப் பார்த்தாள்? நான் இன்னும் விழவே இல்லை, விழுவதற்குள் அறை தயார்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அது தப்பு. ஆனால் அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்த வருடம் ஏறாவிட்டால், அடுத்த வருடம் முடியுமா என்றுகூட நான் என்னைக் கேட்டுக்கொள்ள மாட்டேன். முடியாது என்று எடுத்துக்கொள்வேன். அந்த அறைக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன் — அதுதான் பயம். எலும்பு இல்லை.

அக்டோபர் 5, சனி

இந்தப் பண்டிகையின் கதையை கமிட்டியில் ஒருவர்கூடப் படித்ததில்லையா?

ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் பெருங்கேடு வரும் என்று ஒருவனை அவன் குரு எச்சரித்தார். அவன் குடும்பத்தோடு, கையில் தீமையை விரட்டும் காரநெடிக் கனிக் கொத்தைக் கட்டிக்கொண்டு, சாமந்தி மதுவை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டான். மாலையில் திரும்பி வந்தால் கோழி, நாய், மாடு எல்லாம் செத்துக் கிடந்தன.

ஆக, பண்டிகை சொல்வது ஒன்றே ஒன்று: அன்றைக்குக் கீழே இருக்காதே. கமிட்டி எங்களைக் கீழே உட்கார வைத்து கௌரவிக்கப் போகிறது. கோழிக்கும் அப்படித்தான் ஆயிற்று. யாராவது அதன் காலைக் கழுவினார்களா என்று கதையில் இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ருய்லான் நேற்றுப் போய்விட்டாள். கையெழுத்து இல்லை.

மூன்றாம் மாடி யூ பெய்சென் அக்கா வந்தார். எண்பத்திரண்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் ஒரு நட்சத்திரம்தான்.

"என் காலைக் கழுவ எவன் வரப்போறான்னு பாக்குறேன். ஒரே உதைதான்," என்றார். பிறகு, "அந்தப் படிவத்த எடு தம்பி."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் வாசித்தார்.

"துணைவர் பதினெட்டு வயசு நிரம்பினவரா இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு எப்பவோ நிரம்பிருச்சு. உனக்கு?"

"நிரம்பிவிட்டது."

"அப்புறம் என்ன? உனக்கு நான், எனக்கு நீ. பேனா எங்க?"

வாழ்நாள் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

கோங்குக்கு போன் செய்து, நாங்கள் இருவரும் வரமாட்டோம் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

"சரி தாத்தா, எட்டரைக்கு வண்டி வந்திரும். நல்லா குளிச்சிட்டு வாங்க. காலை மட்டும் கழுவ வேண்டாம்."

அக்டோபர் 11, வெள்ளி. ஒன்பதாம் நாள்

எட்டு மணிக்கே நழுவிவிட்டோம். குன்றின் வாயிலில் ஐம்பது வயதுக் காவலர்.

"உங்க துணைவர் எங்க?"

"இவருக்கு நான்," என்றார் அக்கா.

"இவங்களுக்கு நான்," என்று இரண்டு படிவத்தையும் நீட்டினேன்.

"பாட்டி, உங்களுக்கே எண்பத்திரண்டு!"

"அதனால? பதினெட்டுக்குக் கீழயா தெரியுறேன்?"

மேலதிகாரிக்கு போன் போட்டார். அவர், தான் எழுதிய விதியைத் தேடி எடுத்து வாசிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. காவலர் போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஏறுங்க. ஆனா மெதுவா."

"மெதுவாத்தான் ஏறுவோம். ஓடத் தெரிஞ்சா உன்னத் தாண்டி எப்பவோ ஓடிருப்போமே," என்றார் அக்கா.

மொத்தம் 1,140 படி. 640இல் என் வலது முழங்கால் நின்றுவிட்டது. அக்காவுடையது இல்லை, என்னுடையது. கல்லில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. ருய்லானின் லிஃப்ட் ஞாபகத்துக்கு வந்தது. உண்மையை எழுத வேண்டுமானால் — அந்த நிமிடம் அந்த லிஃப்ட் அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை.

"நான் இறங்குகிறேன் அக்கா. நீங்கள் போங்கள்," என்றேன்.

"எப்படிப் போறது? நீதான் என் துணைவர். நீ எறங்கினா நானும் எறங்கணும். ரூல் ரூல்தான்." எனக்கு எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னார். "எனக்கு அவசரமில்ல. மண்டபத்துல இந்நேரம் பேச்சாளர் 'கடைசியாக ஒரு வார்த்தை'ன்னு நாலாவது தடவை சொல்லிட்டிருப்பான்."

இருபது நிமிடம் கழித்து எழுந்தேன். அப்புறம் பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். பன்னிரண்டரைக்கு உச்சி.

ஆளுக்கு ஒரு கிண்ணம் சாமந்தி மது. காகிதக் கொடி குத்திய அரிசி மாவுக் கேக். கீழே மண்டபத்துக் கூரையும் ஒரு சிவப்பு பலூனும் தெரிந்தன. அரை மணி நேரம் எனக்கு யார் மீதும் கோபம் வரவில்லை. குறித்து வைக்கிறேன்.

இறங்கியது உட்கார்ந்து உட்கார்ந்து. அதை விவரிக்கப் போவதில்லை.

அக்டோபர் 12, சனி

உள்ளூர்ப் பத்திரிகையில் படம். மேடையில் நான்கு நாற்காலி, நான்கு பாத்திரம், நான்கு ஜோடிக் கால்கள். எங்கள் இடங்கள் காலியாக இல்லை. என் நாற்காலியில் கமிட்டி அலுவலகக் காவலாளி டிங், தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு. வயது அறுபத்தொன்று. அக்காவின் நாற்காலியில் கோங்கின் மாமியார்.

கீழே எழுதியிருக்கிறது: "நான் மிகவும் பாக்கியசாலி என்று கண்ணீர் மல்கக் கூறினார் திரு. ஷு டேமிங் (79)." அதாவது நான்.

கண்ணீர் மல்க! நேற்று நான் கண்ணீர் மல்கியது 900ஆவது படியில். சொன்னதும் அது இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ருய்லான் போன். கோங் அவளுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறாள்.

"மேடையில எவ்ளோ நல்லா இருந்தீங்கப்பா! சொன்ன பேச்சைக் கேட்டீங்களே, இப்பதான் எனக்கு நிம்மதி."

பெற்ற மகளுக்கு அப்பன் காலும் காவலாளி காலும் ஒன்று. சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அது டிங்கோட கால்," என்றேன். மீதியையும் சொன்னேன்.

பதினொரு நிமிடம் திட்டினாள். பிறகு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

பலகையில் புது வரி சேர்த்திருக்கிறார்கள். துணைவர் அறுபது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். இரண்டு கிழங்களுக்காக ஒரு விதியையே திருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு வேகமாக இந்த ஊரில் ஒரு சாக்கடைகூடத் திருத்தப்பட்டதில்லை. அக்காவிடம் சொன்னேன். "பேரு வாங்கிட்டோம் தம்பி," என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

மாலையில் ருய்லானே கூப்பிட்டாள். ஒரு வாரம் கழித்து. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வீக்கம் வடிந்துவிட்டது என்றேன். புது வரியையும் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு.

மறுபடி திட்டப்போகிறாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"அடுத்த வருஷம் ஒன்பதாம் நாள் எந்தத் தேதியிலப்பா வருது?"

"அக்டோபர் இருபத்தொன்பது. புதன்கிழமை."

"புதன்கிழமையா..." என்று இழுத்தாள். "லீவு குடுப்பாங்களான்னு தெரியல. கேட்டுப் பாக்குறேன்."