துவைச்சா போச்சு

பிப்ரவரி 9, திங்கள்

புதன்கிழமைத் தோப்புக்குப் பெரிய டீச்சர் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார். மூன்று மாதமாக அவர் அறைக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மரங்களும் புதரும் ஒல்லியான வாய்க்காலும் வாரத்தில் ஒரு காலை என் வகுப்புக்குச் சொந்தம். பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் நான்கு வயது. மண், குச்சி, தண்ணீர், புழு. இதுதான் பாடத்திட்டம்.

மார்ச் 4 முதல் நாள். இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். வீட்டார் எல்லோரையும் முன்கூட்டியே அழைத்துப் பேசித் தயார்படுத்த வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தாக வேண்டும். சம்மதம் தராத வீட்டுப் பிள்ளை வகுப்பறையில் ஆயாவோடு இருக்கும்.

பிள்ளைகளைத் தயார்படுத்த என்ன இருக்கிறது? கதவைத் திறந்தால் போதும். பெற்றவர்களைத் தயார்படுத்துவதற்குள்தான் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

சாயங்காலம் வீட்டில், கூட்டத்தில் பேசப்போவதை என் வீட்டுக்காரர் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். இவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். மூன்று இடத்தில் சிரித்தார். நான் ரொம்ப நம்பியிருந்த 'துவைச்சா போச்சு' வரிக்குச் சிரிக்கவில்லை. கவனம் சட்டைப் பொத்தானில் இருந்திருக்கும்.

பிப்ரவரி 12, வியாழன்

கூட்டம் பிரமாதம். தற்பெருமைதான், என் நாட்குறிப்பில் நானே சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வார்கள்?

பல் டாக்டர் அப்பா எழுந்து, ஒரு பிடி மண்ணில் எத்தனை கிருமி இருக்கும் தெரியுமா என்று கேட்டார். ஒரு வாயில் எத்தனை இருக்கும் என்று நான் கேட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பஸ் ஓட்டும் அப்பாவுக்கு ஒரே சந்தேகம்தான், பெரியவர்களும் மரம் ஏறலாமா என்று. பூச்சி, முதலுதவி, ரப்பர் பூட்ஸ், அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தால் எங்கே என்பது வரை எல்லாம் சொல்லி முடித்தேன். கடைசியில் என் வரி. "அழுக்காயிடுமேன்னு மட்டும் கவலைப்படாதீங்க. துணிதானே, துவைச்சா போச்சு." ஹாலே குலுங்கியது.

சம்மதப் படிவம் கொடுப்பதற்குள் பட்டாணியின் அம்மா எழுந்து போய்விட்டார். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பெரிய தெரு சலவைக் கடையில் வேலை. நேரமாகியிருக்கும், பாவம்.

பட்டாணி வகுப்பிலேயே சின்ன உருவம். உருண்டு உருண்டு வருவாள், அதனால் வந்த பெயர். தினமும் அப்போதுதான் மடிப்புப் பிரித்த மாதிரி வந்து நிற்பாள். வண்ணம் தீட்டும்போது தூரிகையின் நுனிக் காம்பை இரண்டே விரலால் பிடிப்பாள். எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒன்றுதான். ஆனாலும் இவள் என் செல்லம். அதை இங்கே எழுதினால் யாருக்கு நஷ்டம்?

பிப்ரவரி 13, வெள்ளி

பதினொரு கையெழுத்து. பன்னிரண்டாவது படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் அழகான எழுத்தில் ஒரு வரி: "பாப்பா உள்ளேயே இருக்கட்டும்."

பயம்தான், வேறென்ன. பூச்சிகளைப் பற்றியும் முதலுதவிப் பெட்டியைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி, இன்னொரு படிவத்தோடு அனுப்பினேன்.

பிப்ரவரி 14, சனி

பெரியவர்கள் ஒத்திகை. பிள்ளைகள் இல்லாமல் பெற்றவர்கள் மட்டும் தோப்பில் அரை மணி நேரம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. சேற்றில் தான் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவர் பிள்ளை உட்கார்ந்தால் அலற மாட்டார். விதி இரண்டே: 'பாத்து' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது, அடுத்தவர் தடுமாறினால் பத்து எண்ணும்வரை கை நீட்டக் கூடாது. பல் டாக்டர் வாய்க்காலில் சறுக்கி உட்கார்ந்தார். பதினொரு பேர் பத்து எண்ணினோம். ஏழு வரும்போதே அவர் தண்ணீரைத் தட்டி விளையாட ஆரம்பித்துவிட்டார்.

பட்டாணியின் அம்மா வரவில்லை.

என் கால்சட்டை முட்டிவரை களிமண். குளியலறையில் போட்டுவிட்டு வந்து டீ குடித்தேன். இவர் எட்டிப் பார்த்து, ஒரு பெருமூச்சோடு கதவைச் சாத்தினார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

படிவம் மறுபடி வந்தது. அதே வரி, நான்காக மடித்து.

புதன்கிழமை எல்லாரும் வெளியே போனால் என்கூட யார் இருப்பார்கள் என்று பட்டாணி கேட்டாள். ஆயா இருப்பாங்க என்றேன். "ஆயா தூங்கிடுவாங்களே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, எனக்கு ஒரு தகவலாகச் சொன்னாள். ஜன்னலில் அவள் முகத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

வகுப்பறைத் திரைச்சீலைகளைச் சாக்காக எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போனேன். பூச்சி பற்றி ஒரு சொற்பொழிவே தயாராக வைத்திருந்தேன்.

முன்னறையில் முதலாளி. பின்னறைக்குப் போகச் சொன்னார். இவ்வளவு நாளும் அந்தக் கடையில் நான் பார்த்திருப்பது முன்னறையைத்தான். பின்னால் ஆவியில் சுவர் வேர்க்கிறது. இயந்திரம் துவைக்க முடியாதவை எல்லாம் கல் தொட்டியில், கையால். பட்டாணியின் அம்மா முழங்கைவரை நுரையோடு நிமிர்ந்தார். விரல்களில் தோல் வெடித்திருந்தது. நான் பூச்சியை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"பூச்சியெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். துவைச்சா போச்சுன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதான் பண்றேன். வீட்டுக்குப் போயும் இதான். பாப்பா துணிக்கு வரும்போது கை மரத்துப் போயிருக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமலே இன்னும் ஒன்று சொன்னார்.

"டாக்டர் புள்ள சேத்துல விழுந்தா அது விளையாட்டு. எம் புள்ள சட்டையில ஒரு பொட்டு கறை இருந்தா, ஊர் துணிய வெளுக்கத் தெரியுது, பெத்ததக் கவனிக்கத் தெரியலன்னுதான் சொல்வாங்க. அவ உள்ளேயே இருக்கட்டும்."

திரைச்சீலைகளைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்றுகூடத் தெரியவில்லை. அவரே வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தயாராகிவிடும் என்றார்.

என்ன பேச்சு பேசினேன். எப்படி சிரிச்சேன். முதல் வரிசையில் அவங்கள உக்கார வச்சுட்டு — ச்சே. எனக்கு வாய்க்கும் மூளைக்கும் நடுவுல ஒரு கதவு கூடவா கிடையாது?

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன், அந்த வரிக்கு ஏன் சிரிக்கவில்லை என்று. "துவைக்கிறது நான்தானே" என்றார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். குத்திக் காட்டினாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கால்சட்டை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். கறை அப்படியே இருக்கிறதாம். மூன்று தடவை அலசியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கால்சட்டையை நானே துவைத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். கறை இடம் மாறியது, போகவில்லை. இவர் உதவிக்கு வந்தார், விரட்டிவிட்டேன். இடுப்பு என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தோப்புக்குப் போட வீட்டுத் துணியே வேண்டாம். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போனவற்றையெல்லாம் வாங்கிப் பள்ளித் துணி என்று ஒரு பெட்டி. பணக்கார வீடு, இல்லாத வீடு, எல்லாப் பிள்ளைக்கும் அதே பெட்டிதான். துவைப்பது நான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பெரிய டீச்சரிடம் சொன்னேன். "எத்தனை வாரம் தாங்குறன்னு பாக்கலாம்" என்றார். நேற்று வீடுகளுக்குச் சொல்லி அனுப்பியதிலேயே துணி குவிந்துவிட்டது. பஸ் டிரைவர் தன் பழைய சட்டைகளையும் கொடுத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் மூன்று பிள்ளைகளைப் போடலாம். எல்லாவற்றையும் அலசி, பள்ளி முற்றத்தில் கயிறு கட்டி உலர்த்தினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டாவது கூட்டம். யார் பெயரையும் இழுக்காமல், எழுதி வைத்ததைப் படிக்காமல் சொன்னேன். "போன தடவை துவைச்சா போச்சுன்னு ஈஸியா சொல்லிட்டேன். எங்க வீட்ல துவைக்கிறது நான் இல்ல, அதனால சொல்ல முடிஞ்சிது. அது தப்பு." யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று அம்மாக்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் தன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மா பார்க்கவில்லை.

பட்டாணியின் அம்மா கடைசியில் கதவோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கூட்டம் கலைந்ததும் முற்றத்துக் கயிற்றின் பக்கம் போனார். ஒரு சட்டையை எடுத்து, காலர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் பார்வை அது. நான் பெயில். சட்டையை உதறி, தோள்பட்டையில் கிளிப் விழாதபடி மாற்றிப் போட்டுவிட்டு, புதுப் படிவம் ஒன்று கேட்டார்.

"லீவு தருவாங்களான்னு தெரியல" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 3, செவ்வாய்

படிவம் வரவில்லை. வானம் வேறு மூடிக்கொண்டிருக்கிறது. பட்டாணி நாளைக்கு ஆயாவுக்கு ஒரு படம் வரைந்து தரப் போகிறாளாம்.

மார்ச் 4, புதன்

லேசான தூறல். தோப்பு முழுக்க நல்ல சேறு. பதினொரு பிள்ளைகளும் பதினொரு பெரியவர்களும் ஒன்பது மணிக்கே ஆஜர். நான் தலைகளை எண்ணுவதும் கேட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ஒன்பது இருபதுக்கு வந்தார்கள். பட்டாணி மஞ்சளில், அம்மா வெள்ளைச் சட்டையில், கத்தி மாதிரி மடிப்பு. படிவத்தில் கையெழுத்து இருந்தது. பதினொரு மணிவரைதான் அனுமதி, அதற்குள் கடைக்குத் திரும்ப வேண்டும் என்றார். எனக்குக் கேட்டைத் தாண்டிக் குதிக்கலாம் போலிருந்தது. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

பட்டாணி பள்ளித் துணி மாற்றிக்கொண்டாள். பச்சைக் கால்சட்டையை மூன்று மடிப்பு மடித்துவிட வேண்டியிருந்தது. அதோடு நின்றுவிட்டாள். சேற்றுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. மற்றதுகள் வாய்க்காலில் அணை கட்டின, உடைத்தன, புழுவுக்குப் பெயர் வைத்தன. கூப்பிடக் கூடாது, கை பிடித்து இழுக்கக் கூடாது என்பது என் விதிதான். என் விதியை நானே சபித்தபடி அரை மணி நேரம் மரத்தடியில் நின்றேன்.

அம்மா போய் அவள் பக்கத்தில் குனிந்து என்ன என்று கேட்டார். பட்டாணி ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது.

"உனக்குக் கை வலிக்கும்மா."

"இது ஸ்கூல் துணிடா. டீச்சர் துவைப்பாங்க."

பட்டாணி திரும்பி என் கைகளைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "அவங்களுக்குந்தான் வலிக்கும்."

நாலு வயசு. இத்தனை நாள் அந்தத் தூரிகையை ரெண்டு விரலால பிடிச்சது இதுக்குத்தானா? சுத்தக்காரி, கூச்சக்காரின்னு நான் அவள் ரிப்போர்ட்ல எழுதி வச்சிருக்கேனே.

அம்மா நிமிர்ந்தார். பிறகு நேராக வாய்க்கால் ஓரம் நடந்துபோய், அந்த வெள்ளைச் சட்டையோடு சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தார். பல் டாக்டர் வாயைத் திறந்தவர், விதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"வா," என்றார் மகளிடம். "இன்னிக்கு வலிச்சா வலிக்கட்டும்."

பட்டாணி போனாள். முதலில் ஒரு விரல். அப்புறம் ஒரு கை முழுவதும். கையை எடுத்துப் பார்த்துவிட்டு, துடைக்க இடம் தேடினாள். அம்மாவின் முதுகு இருந்தது. பளிச்சென்று ஒரு கை அச்சு விழுந்தது. அம்மா திரும்பவில்லை. இன்னொன்று வைத்தாள். அப்புறம் அவள் சிரித்தாள் பாருங்கள், இந்த வருஷம் முழுக்க அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. தூறல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பத்தே முக்காலுக்கு அவர் எழுந்தார். பட்டாணி அணை வேலையில் மும்முரம், அம்மாவுக்குக் கையாட்டக்கூட நேரமில்லை. நான் பெட்டியிலிருந்து டிரைவரின் சட்டை ஒன்றை உருவிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

"முதுகு பூரா கை அச்சு இருக்கு. இதப் போட்டுட்டுப் போங்க."

"தெரியும் டீச்சர்," என்றார். "ஏழு."

சட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டிலிருந்து சலவைக் கடைக்கு இரண்டு வழி. சந்து வழியாகப் போனால் பின்கதவு, யார் கண்ணிலும் படாது. அவர் பெரிய தெருவில் திரும்பினார். தூறலில், எல்லாக் கடைகளுக்கும் முன்னால், அவசரப்படாமல் நடந்து போனார்.