போணி ஆகாமல் சாம்பிள் இல்லை

அக்கா,

தரையில் கார்ப்பெட் ஒட்டிய பசை வாடை காலையிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மதுரையில் இன்னொரு வர்த்தகக் கண்காட்சி. நம் நைட்டிகளை மாட்டி முடித்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் தெறிக்கிறது. எத்தனையாவது கண்காட்சி என்று கணக்கு வைப்பதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்கிறேன், அடுத்த தடவையும் மூட்டை கட்டுகிறேன்.

பக்கத்து ஸ்டாலில் திருப்பரங்குன்றத்துக்காரர் ஒருவர் ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறார். முதல் தடவை. ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் வருகிறார். “அக்கா, பேசியாவுக்குப் பேரு குடுங்கன்னு கேக்குறாங்க. பேசியான்னா என்னது?” ஸ்டாலின் நெற்றியில் கடைப் பெயர் எழுதி மாட்டும் பலகை என்றேன். “அதைப் பலகைன்னு சொன்னா என்னவாம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நம் முதல் கண்காட்சியில் நீங்களும் இதையேதான் கேட்டீர்கள். பசை வாடையைவிட அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

நமக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. வில்லாபுரத்தில் உங்கள் வீட்டு முன்னறை, மூன்று தையல் மெஷின், நீங்களும் நானும். நீங்கள் ஜவுளிக்காரர் வீட்டில் பிறந்தவர். துணியை விரலால் தொட்டே தரம் சொல்வீர்கள். நான் வாடிப்பட்டிப் பக்கம் நாற்று நட்டவர்கள் வீட்டிலிருந்து வந்து மெஷினில் உட்கார்ந்தவள். நீங்கள் வெட்டுவீர்கள், நான் தைப்பேன். உங்கள் அண்ணனோடு உங்கள் வீட்டு மொழியில் போனில் சண்டை போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் மிச்சச் சண்டையையும் முடிப்பீர்கள்.

கண்காட்சிக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். இதில் ஒரு மொத்த ஆர்டராவது வர வேண்டும். வராவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு நீங்கள் அண்ணன் கடைக்குப் போய் உட்கார வேண்டும். நான் பழையபடி கூலித் தையலுக்குப் போக வேண்டும். “அண்ணன் கடையில சோறு கிடைக்கும்டி, வாயைத் தொறக்க முடியாது” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

இடம் பிடிக்கும்போதே இடறினோம். ஷெல் ஸ்கீம் என்று ஒன்று, பேர் ஸ்பேஸ் என்று ஒன்று. இரண்டுக்கும் அர்த்தம் தெரியாது. வாடகை குறைவாக இருந்ததைக் கேட்டு வாங்கினோம். ஆட்டோவில் மூட்டைகளோடு போய் இறங்கினால், தரையில் சுண்ணாம்புக் கோட்டில் ஒரு கட்டம். “நம்ம ஸ்டால் எங்கண்ணே?” என்று கேட்டீர்கள். “இதாம்மா, நீங்க நிக்கிறதுதான்” என்றார் அங்கிருந்தவர். ஷெல் ஸ்கீம் என்றால் மூன்று பக்கத் தடுப்பு, மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் அவர்களே தருவார்களாம். பேர் ஸ்பேஸ் என்றால் வெறுந்தரை மட்டும், மீதி நம் பாடு.

“பிளாட்டு வாங்குனாக்கூட நாலு மூலைக்குக் கல்லாச்சும் நட்டுக் குடுப்பான்” என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனால் உட்கார்ந்து அழவில்லை. நம் தெருவில் சடங்கு, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவரைக் கையோடு கூட்டிவந்தீர்கள். அவர் சிவப்பும் மஞ்சளுமாய்த் துணி கட்டி, ஜரிகைத் தொங்கல் விட்டு, தொழில் பழக்கத்தில் வாசலில் இரண்டு வாழைமரத்தையும் கட்டிவிட்டுப் போனார். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாய் ஸ்டால்கள், நடுவில் நம்முடையது சடங்கு வீடு. எட்டிப் பார்த்த ஒருவர், “யாரு வீட்டு விசேஷம்?” என்று கேட்டார். “நம்ம வீட்டு விசேஷந்தாண்ணே. உள்ள வாங்க, நைட்டி பாருங்க” என்றீர்கள். அந்தச் சிரிப்பு அடுத்த நாள் காலைவரைதான் தாங்கியது.

காலை நேரத்தை பிசினஸ் அவர்ஸ் என்று ஒதுக்கியிருந்தார்கள். வியாபாரிகளுக்கு மட்டும், பொதுமக்கள் மதியத்துக்கு மேல். அது தெரியாமல், கூட்டமே இல்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் வந்தார். நைட்டியை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. ஒன்றை சாம்பிளாகத் தர முடியுமா என்று கேட்டார். நான் பை எடுக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

“இன்னும் போணி ஆகலண்ணே. மொத கையில சும்மா குடுக்க மாட்டோம்.”

“சாம்பிள்தானே சேச்சி?”

“சாம்பிளா இருந்தா என்ன? காசு வச்சுட்டு எடுத்துக்கங்க.”

அவர் உங்களையும் வாழைமரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நைட்டியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எதிர்ஸ்டால் பாத்திரக்காரர் ஓடிவந்தார். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? காலையில வாரவுக எல்லாம் மொத்தமா எடுக்குறவுக. சாம்பிள் பார்த்துத்தான் ஆர்டர் குடுப்பாக.”

கட்டிவந்த புளிச்சோற்றை நீங்கள் தொடவில்லை. “எங்கப்பா பெத்த பிள்ளைக்கே போணிக்கு முன்ன குடுத்ததில்ல. நான் எப்படிடி குடுப்பேன்?” என்றீர்கள். எனக்குக் கெடு மட்டும்தான் கண்முன் நின்றது. சாயங்காலம் ஜே ஜே என்று கூட்டம். புட்ஃபால் பிரமாதம் என்று மைக்கில் பெருமைப்பட்டார்கள். எத்தனை பேர் நடந்து போனார்கள் என்பதற்கு அப்படிப் பெயராம். நம் ஸ்டாலை அத்தனை பேரும் கடந்துதான் போனார்கள்.

மறுநாள் காலை, தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்தீர்கள். ஸ்டாலுக்குள் வராமல் நடைபாதையில் நின்று, முன்பின் தெரியாதவர் போல, “இது என்ன விலைம்மா?” என்று என்னிடம் கேட்டீர்கள். இருந்த கவலையில் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்தேன். நீலத்தில் பொடிப்பூப் போட்டதை உங்கள் அளவில் எடுத்தீர்கள். பேரம் வேறு பேசினீர்கள். காசைக் கொடுத்து, நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தீர்கள்.

“போணி ஆயிருச்சு. இனி யாரு கேட்டாலும் சாம்பிள் குடு.”

எர்ணாகுளத்துக்காரர் திரும்பி வரவே இல்லை. நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர் வந்தார், சாம்பிள் வாங்கிப் போனார். ஆர்டர், தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனில் வந்தது. நீங்கள் செருப்புப் போடாமல் ஓடிப்போய்ப் பேசினீர்கள். மெஷின்கள் நம்மிடமே இருந்தன.

அதற்குப் பிறகு எத்தனை ஊர், எத்தனை ஹால். லீட் டைம் என்றால் ஆர்டர் எடுத்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும்வரை ஆகும் காலம். டிஸ்மேண்டிலிங் என்றால் கடைசி நாள் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டுவது. எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. சொல்லிச் சொல்லி வாய்தான் அலுத்துவிட்டது. சேர்ந்து திண்டாடியபோது இத்தனை அலுப்பு இல்லை அக்கா. ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் உடுத்தியிருந்ததும் நம் நைட்டிதான். கையைத் தூக்கவே முடியாத நிலையிலும் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, “இந்தத் தையல் உன்னோடது இல்ல. யாருது?” என்று கேட்டீர்கள். புதுப்பெண் தைத்தது என்றேன். “நல்லாச் சொல்லிக் குடு, பிரிஞ்சிரும்” என்றீர்கள்.

இன்று காலையும் ஸ்டாலுக்கு வெளியே நடைபாதையில் போய் நின்றேன். விலை கேட்டேன். உங்கள் அளவில் ஒன்று எடுத்தேன். ஸ்டாலில் நிற்கும் பெண் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் ஏன் என்று கேட்பதில்லை. வீட்டு பீரோவில் அப்படி ஒரு அடுக்கே சேர்ந்துவிட்டது. எனக்குப் போட்டால் தோளில் நிற்காது.

சற்று முன்பு ஊறுகாய்க்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். முகம் வாடியிருந்தது. “ஒருத்தரு சாம்பிள் கேக்குறாருக்கா. எனக்கு இன்னும் போணி ஆகல. உங்களுக்கு ஆயிருச்சா?”

“ஆயிருச்சுண்ணே,” என்றேன். “எங்க அக்கா வந்து வாங்கிட்டுப் போயிருச்சு.”